அமெரிக்காவில் டேட்டா சயின்ஸ் பிஎச்டி: குவாலிஃபையிங் தேர்வைக் கடக்க ஒரு வழிகாட்டி

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் டேட்டா சயின்ஸ் பிஎச்டிக்கு இடம் கிடைத்ததும், பிள்ளை ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டார் என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். பல்கலைக்கழகத்தின் கணக்கு வேறு. முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு நீங்கள் அங்கே பிஎச்டி மாணவர்; பிஎச்டி கேண்டிடேட், அதாவது தீசிஸ் எழுதும் கட்டத்துக்கு வந்தவர், ஆவதற்கு நடுவில் ஒரு கதவு இருக்கிறது. அதுதான் குவாலிஃபையிங் தேர்வு. மாணவர்கள் சுருக்கமாக ‘குவால்ஸ்’ என்பார்கள். சில துறைகளில் பிரிலிம், சில இடங்களில் காம்ப்ரிஹென்சிவ் என்றும் பெயர் இருக்கும்.

ஊரில் பிஎச்டி செய்யும் நண்பர்களிடம் விசாரித்துவிட்டு இதற்குத் தயாராக வேண்டாம். இந்தியாவில் யுஜிசியின் 2022 விதிமுறைப்படி குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் வொர்க், அதில் 55 சதவீத மதிப்பெண், அப்புறம் ஆலோசனைக் குழுவின் முன் ஒவ்வொரு செமஸ்டரும் முன்னேற்ற அறிக்கை என்று வழி போகும். ஐஐடிகளில் காம்ப்ரிஹென்சிவ் தேர்வு உண்டு. அதைப் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் பழகிய உணர்வு இருக்கும். அமெரிக்கத் தேர்வின் கெடுபிடி இன்னொரு மாதிரி: கொடுத்த வாய்ப்புகளுக்குள் இதில் தேறாவிட்டால் பிஎச்டி அங்கேயே முடிந்துவிடும். உதவித்தொகையும் விசாவும் அதோடு சேர்ந்து ஆடும்.

நான் பார்த்த வரையில், இதில் தடுக்கி விழுபவர்களில் பலருக்குப் பாடம் தெரிந்தே இருந்தது. தேர்வு கேட்கும் விதத்தில் அதை அவர்கள் ஒருமுறைகூட செய்து பார்த்திருக்கவில்லை. எழுத வேண்டிய தேர்வுக்குப் படித்தார்கள். பேச வேண்டிய தேர்வுக்கும் படித்தார்கள். கீழே சொல்பவை எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே இருக்கும்.

முதல் வாரத்திலேயே ஹேண்ட்புக்

சேர்ந்த முதல் வாரத்தில் உங்கள் துறையின் பட்ட மேற்படிப்பு ஹேண்ட்புக்கை எடுத்து முழுதாகப் படியுங்கள். நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கான பதிப்பு எது என்று பாருங்கள். விதிகள் நடுவில் மாறினால், சேர்ந்த ஆண்டின் விதியே உங்களுக்குப் பொருந்தும் என்பதுதான் பொதுவான நடைமுறை. புதிய விதி வசதியாக இருந்தால் அதற்கு மாறலாமா என்று எழுத்தில் கேட்டு வாங்கலாம். பிடிஎஃப்பைக் கணினியில் சேமித்தும் வையுங்கள். இணையப் பக்கம் அடுத்த ஆண்டே மாறியிருக்கும்.

படிக்கும்போது சில கேள்விகளுக்கு விடை தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த செமஸ்டர் முடிவதற்குள் எழுத வேண்டும்? எத்தனை வாய்ப்பு? பெரும்பாலான இடங்களில் இரண்டு. முதல் தோல்விக்கும் இரண்டாம் முயற்சிக்கும் இடையே எவ்வளவு காலம்? பாஸ், ஃபெயில் தவிர ‘நிபந்தனையுடன் பாஸ்’ என்று மூன்றாவது முடிவு உண்டா? எந்தக் கோர்ஸ்களில் என்ன கிரேடு வேண்டும்? நல்ல கிரேடு வாங்கினால் எழுத்துத் தேர்வின் ஒரு பகுதியிலிருந்து விலக்கு கிடைக்குமா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். விலக்கு இருப்பது தெரியாமலேயே அந்தப் பகுதிக்கு ஒரு கோடை முழுக்கப் படித்தவர்கள் உண்டு.

புரியாத வரிக்கு சீனியரிடம் விளக்கம் கேளுங்கள், ஆனால் முடிவை அங்கே எடுக்காதீர்கள். துறையின் மாணவர் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒருங்கிணைப்பாளர் பேராசிரியராக இருக்க மாட்டார், ஆனால் விதிகளும் தேதிகளும் விரல்நுனியில் இருப்பது அவரிடம்தான். மரியாதையாகப் பழகுங்கள்.

உங்கள் தேர்வு எந்த வகை?

டேட்டா சயின்ஸ் தனித்துறையாகி அதிகக் காலம் ஆகவில்லை. புள்ளியியல் துறைகளுக்கு ஒரு மரபு உண்டு: முதல் ஆண்டு முடிவில் உட்கார்ந்து எழுதும் கடினமான எழுத்துத் தேர்வு. கணினி அறிவியல் துறைகளுக்கு வேறு மரபு: அகலத்தைக் கோர்ஸ் கிரேடுகளால் காட்டிவிட்டு, ஆழத்தை ஆராய்ச்சி பற்றிய வாய்மொழித் தேர்வில் நிரூபிப்பது. டேட்டா சயின்ஸ் படிப்புகள் இரண்டு வீட்டிலிருந்தும் பேராசிரியர்களை எடுத்ததால் இரண்டு மரபையும் கலந்து வைத்திருக்கின்றன. ஆகவே பக்கத்துப் பல்கலைக்கழக நண்பரின் அனுபவம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

நடைமுறையில் மூன்று வடிவங்களைப் பார்க்கலாம். ஒன்று, நிகழ்தகவு, புள்ளியியல், மெஷின் லேர்னிங், சில இடங்களில் ஆப்டிமைசேஷன் அல்லது டேட்டாபேஸ் என்று நேரம் வைத்து நடக்கும் எழுத்துத் தேர்வு. இரண்டு, ஒரு சிறு துறையின் முக்கியக் கட்டுரைகளைப் படித்துத் தொகுத்து எழுதி, கமிட்டியின், அதாவது தேர்வு நடத்தும் பேராசிரியர் குழுவின், முன் விளக்கிக் கேள்விகளை எதிர்கொள்வது. மூன்று, நீங்கள் தொடங்கிய ஆராய்ச்சியை முன்வைத்து, மீதி ஆண்டுகளில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்வது. சில இடங்களில் முதலாவதும் இரண்டாவதும் தனித்தனித் தேர்வுகளாக வரும். சில இடங்களில் மூன்றாவதைத் தீசிஸ் ப்ரொப்போசல் என்று பிரித்துப் பின்னால் தள்ளியிருப்பார்கள். உங்களுடையது எது என்று தெரிந்த பிறகுதான் அட்டவணை போட முடியும்.

கோர்ஸ்கள் பற்றிக் கொஞ்சம்

அமெரிக்கப் பட்ட மேற்படிப்பில் சராசரி 3.0, அதாவது பி கிரேடு, என்பது பரவலான கீழ்க்கோடு. அதற்குக் கீழே போனால் தேர்வு எழுதவே அனுமதி கிடைக்காமல் போகலாம். முதல் செமஸ்டரில் மூன்று கனமான கோர்ஸ்களை ஒன்றாக எடுத்து வீரம் காட்ட வேண்டாம். குவால்ஸில் கேட்கப்படும் கோர்ஸ்களை முதலில் எடுங்கள், ஆசைப்படும் சிறப்புப் பாடங்களை அப்புறம் பார்க்கலாம்.

சென்னை கணிதவியல் கழகத்திலோ இந்தியப் புள்ளியியல் கழகத்திலோ ஐஐடியிலோ முதுநிலை முடித்துவிட்டுப் போகிறவர்கள், படித்த கோர்ஸ்களின் முழுப் பாடத்திட்டத்தையும் வீட்டுப்பாடங்களையும் கையோடு கொண்டுபோங்கள். அதே பாடத்தை மறுபடி எடுக்காமல் விலக்குக் கேட்கும்போது, கோர்ஸின் பெயரை வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. எந்தத் தலைப்பை எவ்வளவு ஆழமாகப் படித்தீர்கள் என்று காட்டச் சொல்வார்கள். ஊரிலிருந்து ஆறு மாதம் கழித்து அதை வரவழைப்பது பெரும்பாடு.

எழுத்துத் தேர்வு: கையால் எழுதிப் பழகுங்கள்

பொறியியல் கல்லூரியிலிருந்து வரும் நம் மாணவர்களுக்குக் கணக்குப் போடும் வேகம் நன்றாக இருக்கும். நிரூபணம் எழுதுவதில்தான் சறுக்கும். குவால்ஸ் கேள்விகள் பெரும்பாலும் ‘காட்டுக’, ‘எந்த நிபந்தனையில் இது உண்மை’, ‘இது பொய்யாகும் ஓர் உதாரணம் தருக’ என்ற மாதிரி இருக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சி. ஆர். ராவ் 1945-இல் கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது கிராமர்–ராவ் எல்லை. தரவிலிருந்து ஒரு மதிப்பைக் கணிக்கும் சூத்திரம்தான் எஸ்டிமேட்டர்; சாய்வில்லாத எந்த எஸ்டிமேட்டரின் வேரியன்ஸும், அதாவது சிதறலும், ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாது என்கிறது அது. மனப்பாடமாக எழுத எல்லோராலும் முடியும். தேர்வில் கேட்கப்படுவது இப்படி இருக்கும்: 0 முதல் தீட்டா வரை சீராகப் பரவிய தரவிலிருந்து தீட்டாவைக் கணிக்கிறோம், மாதிரியின் மிகப்பெரிய மதிப்பைச் சற்றே பெருக்கி எடுத்த எஸ்டிமேட்டரின் வேரியன்ஸ், மாதிரி எண்ணிக்கையின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறைகிறது. அந்த எல்லையை இது எப்படி மீறியது? மீறவில்லை. தரவு பரவும் எல்லையே தீட்டாவைப் பொறுத்து மாறுவதால், தேற்றத்தின் நிபந்தனை இங்கே பொருந்தாது. தேற்றத்தை நிபந்தனைகளோடு படித்தவருக்கு இது இரண்டு நிமிடக் கேள்வி. சூத்திரத்தை மட்டும் படித்தவர் இங்கே நின்றுவிடுவார்.

ஆகவே ஒவ்வொரு தேற்றத்துக்கும் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள்: நிபந்தனைகள், நிரூபணத்தின் முதுகெலும்பான ஒரு வரி, நிபந்தனை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். மத்திய எல்லைத் தேற்றம், நெய்மன்–பியர்சன் லெம்மா, ராவ்–பிளாக்வெல், காஸ்–மார்கோவ், சிங்குலர் மதிப்புப் பிரிப்பு, குவிவுச் சார்புகளில் கிரேடியன்ட் டிசென்ட்டின் வேகம், விசி பரிமாணம் என்று எந்தத் துறையிலும் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் அதிகம் இல்லை. அவற்றை முதலில் முடியுங்கள்.

பழைய வினாத்தாள்கள் பெரும்பாலும் துறையிடமோ சீனியர்களிடமோ கிடைக்கும். கிடைத்ததும் விடையைப் பார்க்காமல், கடிகாரம் வைத்து, புத்தகம் மூடி எழுதுங்கள். அப்புறம் சக மாணவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அவர் தாளை நீங்கள் திருத்துங்கள். அடுத்தவர் நிரூபணத்தில் ஓட்டை கண்டுபிடிக்கும்போதுதான் நம் ஓட்டையும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். ஏஐ கருவி எழுதித் தரும் விடையைப் படித்தால் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். வெறும் தாளின் முன் உட்காரும்போது கை ஓடாது. நீங்கள் எழுதி முடித்த விடையைச் சரிபார்க்க வேண்டுமானால் அதைப் பயன்படுத்துங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதும் தேர்வாக இருந்தால் அந்தக் கருவிகளுக்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தொடவே வேண்டாம். இதில் நேரும் மீறல் தோல்வியைவிடக் கொடுமையான விளைவைத் தரும்.

வாய்மொழித் தேர்வு: ஒரே கேள்வி எவ்வளவு தூரம் போகும்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். வாய்மொழித் தேர்வில் கேள்விகள் கிணறு தோண்டுவது போல ஒரே இடத்தில் கீழே இறங்கும். தொடக்கம் மிக எளிதாக இருக்கும், அதைக் கண்டு ஏமாற வேண்டாம்.

ரிட்ஜ் ரிக்ரெஷனை எடுத்துக்கொள்வோம்: கெழுக்கள் பெரிதாகாமல் இருக்க, லாம்டா என்ற எண்ணால் அபராதம் போடும் ரிக்ரெஷன். “ஏன் லாம்டாவைச் சேர்க்கிறோம்?” என்று தொடங்குவார்கள். ஓவர்ஃபிட்டிங்கை, அதாவது மாடல் பயிற்சித் தரவோடு அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்வதை, குறைக்க என்பீர்கள். சரி. “மாறிகளின் எண்ணிக்கை தரவுப் புள்ளிகளைவிட அதிகமாக இருந்தாலும் இதற்குத் தீர்வு எப்போதும் இருப்பது ஏன்?” லாம்டாவைச் சேர்க்கும்போது, தீர்வுக்காகத் தலைகீழாக்க வேண்டிய மேட்ரிக்ஸின் ஒவ்வொரு எய்கன் மதிப்பும் லாம்டா அளவுக்கு உயர்கிறது, சுழியாக இருந்தவையும் நேர்மதிப்பாகிவிடுவதால் தலைகீழ் மேட்ரிக்ஸ் உறுதி. “எந்தத் திசையில் அதிகம் சுருக்குகிறது?” சிங்குலர் மதிப்பு சிறியதாக உள்ள திசையில். சிங்குலர் மதிப்பு டி என்றால் சுருக்கும் காரணி டி² / (டி² + லாம்டா) என்று போர்டில் எழுதிக் காட்ட வேண்டும். “லாம்டா சுழியை நெருங்கினால்?” சாதாரணத் தீர்வுகள் பல இருக்கும்போது, அவற்றில் நீளம் மிகக் குறைந்ததை அடையும். “பேயஸ் பார்வையில்?” கெழுக்களுக்கு காஸியன் ப்ரையர் (தரவைப் பார்ப்பதற்கு முன் வைக்கும் நிகழ்தகவுப் பரவல்) வைத்ததற்குச் சமம். “லாஸோ என்றால்?” லாப்லாஸ் ப்ரையர், சில கெழுக்கள் சரியாகச் சுழியாகும். “உங்கள் ஆராய்ச்சித் தரவில் இரண்டில் எதை எடுப்பீர்கள், ஏன்?”

பத்து நிமிடம் ஓடியிருக்கும். இதில் கடைசிக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. கமிட்டி எடைபோடுவது அதைத்தான்: தெரியாத இடத்தில் இவர் தானே நின்று யோசிப்பாரா?

இன்னொரு வகைக் கேள்வி, எளிய எண்களை வைத்து உங்கள் உள்ளுணர்வைச் சோதிப்பது. ஒரு நோய் 1 சதவீதம் பேருக்கு இருக்கிறது. உங்கள் மாடல் நோயாளிகளில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும். மாடல் ‘நோய் உண்டு’ என்றால் நம்பலாமா? ஆயிரம் பேரை எடுங்கள். 10 நோயாளிகளில் 9 பேர் பிடிபடுவார்கள். மீதி 990 பேரில் 99 பேர் தவறாகப் பிடிபடுவார்கள். ஆக 108 பேரில் 9 பேருக்குத்தான் நோய், சுமார் 8 சதவீதம். இதைப் பேயஸ் சூத்திரம் இல்லாமல் இப்படி வாய்விட்டுச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தரவுக் கசிவு, அதாவது சோதனைத் தரவின் தகவல் பயிற்சிக்குள் நுழைந்துவிடுவது, பற்றிய கேள்விகளும் இதே ரகம். பயிற்சி, சோதனை என்று பிரிப்பதற்கு முன்பே முழுத் தரவையும் வைத்து மாறிகளைத் தேர்ந்தெடுத்தால் என்ன தவறு? காலவரிசைத் தரவைக் கண்டபடி கலைத்துப் பிரித்தால்? கட்டுரையை முன்வைக்கும் வகைத் தேர்வில் இந்தக் கேள்விகள் நீங்கள் எடுத்த கட்டுரையின் மீதே பாயும்.

இதற்குத் தயாராக ஒரே வழி, போர்டில் நின்று பேசிப் பார்ப்பது. கடைசி இரண்டு மாதத்தில் வாரம் ஒருமுறையாவது சீனியர்கள் இரண்டு மூன்று பேரை உட்காரவைத்து ஒத்திகை நடத்துங்கள். தமிழ் தெரிந்த நண்பர்களோடு மட்டும் ஒத்திகை பார்க்காதீர்கள். உங்கள் உச்சரிப்புக்குப் பழகாதவரும், குறுக்கே வெட்டிக் கேள்வி கேட்பவரும் அதில் இருக்கட்டும்.

நம் வகுப்பறைப் பழக்கம் ஒன்று இங்கே குறுக்கே வரும். ஆசிரியர் கேட்டால், விடை முழுதாகத் தெரியும் வரை வாய் திறக்காமல் நிற்போம். நம்மூரில் அது பணிவு. அங்கே கமிட்டிக்கு அது ‘இவருக்கு எதுவும் தோன்றவில்லை’ என்றுதான் தெரியும். யோசிப்பதை வெளியே சொல்லுங்கள்: “எளிய நிலையில் இரண்டு மாறி மட்டும் எடுத்துப் பார்க்கிறேன்”, “இது குவிவுச் சார்பு என்று வைத்துக்கொண்டால்…” என்று போனால் அவர்களே கை கொடுப்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிக்க முயல்வேன் என்று தொடருங்கள். சுற்றி வளைத்தால் அடுத்த இருபது நிமிடமும் அதே இடத்தில் தோண்டுவார்கள். பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கக் கூச்சமாக இருந்தால் ‘ப்ரொஃபசர்’ என்றே அழையுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆனால் அவர் சொன்னது தவறாகத் தோன்றினால் மறுத்துச் சொல்லத் தயங்காதீர்கள். சில சமயம் அதைச் சோதிக்கவே தவறாகச் சொல்வதுண்டு.

கமிட்டி

மூன்று முதல் ஐந்து பேர் வரை இருப்பார்கள். ஒருவர் வேறு துறையிலிருந்து வர வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. யாரைச் சேர்ப்பது என்று உங்கள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரான அட்வைசரோடு பேசி முடிவெடுங்கள். இரண்டு பேராசிரியர்களுக்குள் ஒத்துவராது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவருக்குத் தெரியும். தேதி குறிப்பதை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். கோடையில் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். ஒவ்வொருவரையும் தனியே அரை மணி நேரம் சந்தித்து, “உங்கள் பக்கத்திலிருந்து நான் எதில் தயாராக இருக்க வேண்டும்?” என்று கேளுங்கள். இது சலுகை கேட்பது ஆகாது. பலர் தெளிவாகவே சொல்லிவிடுவார்கள். உடல்நலம், கற்றல் சிரமம் போன்ற காரணத்தால் கூடுதல் நேரமோ வேறு ஏற்பாடோ தேவைப்பட்டால், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். தேர்வு முடிந்த பிறகு சொன்னால் அதற்கு மதிப்பு இருக்காது.

தேறாவிட்டால்

முதல் முறை தவறுவது அசாதாரணமான விஷயம் இல்லை. ஒரு வாரம் கழித்துக் கமிட்டித் தலைவரைச் சந்தித்து, எது போதவில்லை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் முயற்சிக்கு அதுவே உங்கள் பாடத்திட்டம்.

இரண்டாவதும் கைவிட்டுப் போனால், பல பிஎச்டி படிப்புகளில் முதுநிலைப் பட்டத்தோடு வெளியேற வழி உண்டு. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் இந்த இடத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உங்களுக்கான டிஎஸ்ஓவை, அதாவது மாணவர் விசா விஷயங்களைக் கவனிக்கும் அதிகாரியை, பாருங்கள். பட்டம் முடித்து வெளியேறுபவருக்கு நாட்டை விட்டுக் கிளம்ப 60 நாள் அவகாசம் உண்டு. டிஎஸ்ஓவின் ஒப்புதலோடு படிப்பிலிருந்து விலகினால் 15 நாள். ஒப்புதல் இல்லாமல் நின்றுவிட்டால் ஒரு நாள்கூட இல்லை. முதுநிலைக்கு மாறுவதாக இருந்தால், மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் படிப்பின் நிலையை மாற்ற வேண்டும். முதுநிலையை முடித்து, படித்த துறையில் வேலை செய்ய மாணவர்களுக்குத் தரும் அனுமதியான ஓபிடி எடுத்தால் 12 மாதம் வேலை செய்யலாம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பு என்பதால் தகுதியுள்ள வேலைக்கு மேலும் 24 மாதம் நீட்டிக்கக் கேட்கலாம். ஏற்கெனவே அமெரிக்காவில் ஒரு முதுநிலை முடித்து அந்த 12 மாதத்தையும் பயன்படுத்தியவருக்கு, அதே நிலையில் இன்னொரு முறை ஓபிடி கிடைக்காது. முதுநிலைக்குப் பிறகு சில காலம் வேலை பார்த்துவிட்டுப் பிஎச்டிக்கு வந்த நம்மவர்கள் நிறையப் பேருக்கு இது பொருந்தும். விசா விதிகள் மாறிக்கொண்டிருப்பவை. அன்றைய நிலையை டிஎஸ்ஓவிடமே உறுதி செய்யுங்கள்.

வீட்டில் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோல்வியை மறைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தனியாக மருகுபவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழக மனநல ஆலோசனை பெரும்பாலும் மாணவர்க் கட்டணத்திலேயே அடங்கியிருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். அம்மா அப்பாவிடம் முழு விவரமும் சொல்ல முடியாவிட்டால், அண்ணனோ அக்காவோ யாராவது ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

தேறிய பிறகு

அன்று மாலை கொண்டாடுங்கள். மறுநாள் ஒருங்கிணைப்பாளரிடம் போய், கேண்டிடசிக்கு முன்னேறும் படிவத்தைக் கேளுங்கள். தேர்வில் பாஸ் ஆனதும் தானாகவே கேண்டிடேட் ஆகிவிடுவோம் என்று நினைத்து பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். பல இடங்களில் கோர்ஸ் கணக்கு, கமிட்டிக் கையெழுத்து, ஒரு சிறு கட்டணம் எல்லாம் சேர்ந்த தனி விண்ணப்பம் அது. குறிப்பிட்ட தேதிக்குள் போகாவிட்டால் அடுத்த பருவத்திலிருந்துதான் கணக்கில் வரும்.

இதில் பணமும் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்பை எடுத்துக்கொண்டால், வெளிமாநில, வெளிநாட்டுப் பட்ட மேற்படிப்பு மாணவருக்கான கூடுதல் கட்டணம் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு 15,102 டாலர். கேண்டிடசிக்கு முன்னேறிய பிஎச்டி மாணவருக்கு அது தொடர்ச்சியாக மூன்று ஆண்டுகள் வரை முழுதாக நீக்கப்படுகிறது. உங்கள் கட்டணத்தை அட்வைசரின் ஆராய்ச்சி நிதியிலிருந்து கட்டுகிறார்கள் என்றால், நீங்கள் படிவத்தை ஒரு பருவம் தாமதித்தால் அந்தச் சுமை அவர் தலையில் விழும். அந்த மூன்று ஆண்டும் முன்னேறியதற்கு அடுத்த பருவத்திலிருந்தே ஓடத் தொடங்கும், நடுவில் விடுப்பு எடுத்தாலும் நிற்காது. ஆகவே எந்தப் பருவத்தில் படிவம் கொடுப்பது, தீசிஸ் எப்போது முடியும் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து, அட்வைசரோடு அந்த வாரமே உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.